மலைப் பிள்ளைக்கு மண்பொம்மை ஆசானா?



கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையிலே போனால் வெள்ளிமலை என்ற ஊர் வரும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு அதுதான் தலைமை ஊர். மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்காக, டில்லி சர்க்காரின் திட்டத்திலே அமைந்த உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் ‘ஏகலைவா’!

1997-98-ல் தொடங்கிய திட்டம் அது. நாடெங்கும் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளிலே அதே பெயரில் பள்ளிகள் திறக்கப்பட்டு வருகின்றன. திட்டத்தின் மீது நமக்குப் பகை இல்லை. பிள்ளைகளுக்குச் சோறும் பாயும் பாடமும் தருகின்ற பள்ளி எந்தப் பெயரில் இருந்தாலும் வாழட்டும்! ஆனால், பெயர் வைத்தவர்கள் அந்தக் கதையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வைத்தார்களா என்பதிலேதான் நமக்கு ஐயம்.

கதை என்ன? வேடர் குலத்துப் பிள்ளை வில்வித்தை கற்க ஆசைப்படுகிறான். அரச குலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசான், ‘உனக்குக் கிடையாது’ என்று அனுப்பிவிடுகிறார். பிள்ளை காட்டுக்குப் போகிறான். மண்ணைக் குழைத்து ஆசானைப் போல ஒரு பொம்மை செய்து, அதன் முன்னே நின்று தானே பயின்று, வித்தையில் வல்லவனாகிறான். வல்லவன் ஆனதும் வருகிறார் ஆசான், கூலி கேட்க! கற்றுக் கொடுக்காத பாடத்திற்குக் கட்டைவிரலே கூலி!

கட்டைவிரலைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம், ஏடுதோறும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த மண்பொம்மையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இன்று பேச வேண்டியிருக்கிறது. அரண்மனைப் பிள்ளைக்கு உயிருள்ள ஆசான். காட்டுப் பிள்ளைக்கு மண்பொம்மை! இந்த ஏற்பாடு கதையோடு முடிந்துவிட்டதா? அல்லது கண்ணாடித் திரையும் மின்சாரக் கம்பியும் பூட்டிக்கொண்டு, புதுக்கோலத்திலே நம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறதா? இதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

விண்ணிலே வித்தை, மலையிலே ஜாகீர்

யந்திரத்தைக் கொண்டு பாடம் சொல்லும் ஆசை நேற்று முளைத்ததல்ல. ரேடியோ வந்தது, பள்ளிக்கூடத்துக்கு ரேடியோப் பாடம் வந்தது. டெலிவிஷன் வந்தது, டெலிவிஷன் பாடம் வந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்கு வாங்கிய செயற்கைக்கோளின் துணையோடு, இந்தியாவின் 6 மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சி அனுப்பினார்கள். காலையிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையிலே பெரியவர்களுக்கு. உலகமே வியந்து பார்த்த சோதனை அது. அந்த 6 மாநிலங்களிலே தமிழகம் இல்லை.

அதே 1976-ஆம் ஆண்டிலே கல்வராயன் மலையில் என்ன நடந்தது தெரியுமா? அப்போதுதான் அங்கே ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது! நாடு விடுதலை பெற்றது 1947-ல். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல். மலை மட்டும் ஜாகீர்தார் கையிலேயே இருந்து, 1976-ல்தான் சர்க்காரின் கைக்கு வந்தது. விண்ணிலிருந்து பாடம் இறங்கிய அதே ஆண்டில், மண்ணிலே ஒரு மலை அப்போதுதான் குடியரசுக்குள் காலடி எடுத்து வைத்தது!

ஆகவே தோழர்களே, சமவெளியின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மலையின் நேரத்தைக் கணக்கிடாதீர்கள். சமவெளியிலே தாத்தா பள்ளிக்குப் போனார், அப்பா கல்லூரிக்குப் போனார், பிள்ளை கணினி முன்னே உட்காருகிறான். மலையிலே பல குடும்பங்களில், பள்ளிக்கூடம், மின்சாரம், சாலை, செல்போன் எல்லாமே ஒரே தலைமுறையின் தலையிலே ஒன்றாக வந்து இறங்கியிருக்கின்றன. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழகத்திலே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். அன்று கள்ளக்குறிச்சியையும் இந்த மலையையும் உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்திலோ, நூற்றுக்கு 72 பேர்கூட இல்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிரிந்தது, பின்தங்கிய நிலையும் பங்கு பிரிந்து கூடவே வந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரிலே மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. நம் ஆட்சிக் காலத்திலே நடந்த கொடுமை என்பதற்காக நாமும் அதை மூடி மறைக்கப் போவதில்லை. அதன் பின்னரே சென்னை உயர்நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாகவே வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பள்ளி எங்கே என்று சர்க்காரைக் கேட்டது. அறுபதுக்கு மேற்பட்ட பிணங்கள் விழுந்த பிறகு வந்த கேள்வி! அந்தக் கேள்விக்குச் சொல்லும் விடையாகத்தான், பள்ளிக்கூடத்துக்குள் வரும் ஒவ்வொரு பெட்டியையும் நாம் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த மரமும் வெளியே இருந்த மரமும்

சென்ற ஆண்டு மலைக்குப் போயிருந்தேன். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். ஊரின் பெயர் வேண்டாம். உள்ளதைச் சொன்ன ஆசிரியருக்கு ஓலை போய்ச் சேரக்கூடாதல்லவா! சுவரிலே பெரிய திரை. புழுதி படியாமல் இருக்கப் பழைய சேலைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

“இணையம் வருகிறதா?” என்று கேட்டேன்.

ஆசிரியர் சிரித்தார். “அதற்குப் பாறைக்குத்தான் போகணும் அய்யா” என்று மேட்டைக் கை காட்டினார். பாறை மேலே ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல். இறங்கினால் அதுவும் இல்லை. அவர் என்ன செய்கிறார்? சனிக்கிழமை கீழே வீட்டுக்குப் போகும்போது, அடுத்த வாரப் பாடங்களுக்கான படங்களை இறக்கிப் பென் டிரைவிலே ஏற்றிக்கொள்கிறார். திங்கட்கிழமை காலை, சட்டைப் பையிலே பாடத்தை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார். இந்தச் செலவு எந்தக் கணக்கிலே வரும்? எந்தக் கணக்கிலும் வராது!

அன்று காட்டு மரங்களைப் பற்றிய பாடம். திரையிலே வண்ண வண்ணமாகப் படம் ஓடியது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கடுக்காய் மரம் என்று ஒன்றைக் காட்டியதும், பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் எழுந்து, “சார், கடுக்கா மரம் இப்படி இருக்காது!” என்றான். வகுப்பே சிரித்தது.

அந்த ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? ‘உட்காரடா’ என்று அதட்டவில்லை. படத்தை நிறுத்தினார். “வா, காட்டு” என்று அவனை முன்னே விட்டு, எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலே சரிவில் நிற்கிறது கடுக்காய் மரம்! அதன் இலையைத் தொட்டார்கள், காயைப் பொறுக்கினார்கள், எந்தப் பாட்டி எந்த நோய்க்கு எப்படிக் கொடுப்பாள் என்று பிள்ளைகள் அவருக்குப் பாடம் நடத்தினார்கள். பிறகு உள்ளே வந்து, மிச்சப் படத்தையும் பார்த்தார்கள்.

அன்றைய பாடத்தின் உயிர், படம் ஓடியதிலே இல்லை. படத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் அங்கே இருந்தாரே, அதிலே இருந்தது. அந்த ஆள் இல்லாத இடத்திலே அதே திரை, தவறான மரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எழுந்து நின்ற பொடியனுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். இரண்டு முறை எழுந்து பார்ப்பான். மூன்றாம் முறை எழமாட்டான். பிறகு ஒருநாள் பள்ளிக்கே வரமாட்டான். அப்பனும் ஆத்தாளும் கூலி வேலை தேடிக் கீழே இறங்கும்போது அவனும் இறங்கிப் போவான்.

திரும்பும்போது வாசலிலே ஒரு மூதாட்டி. பேரனுக்காகக் காத்திருந்தவர். “அய்யா, பெட்டி நல்லாத்தான் பேசுது. வாத்தியாரு மாத்தலாகிப் போயிட்டா, யாரு சாமி பேசுவா?” என்று கேட்டார்.

படிக்காத அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான், படித்த உலகமும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது.

உலகம் கற்ற பாடம்

தென் அமெரிக்காவிலே பெரு என்றொரு நாடு. அங்கும் மலை, அங்கும் மலைவாழ் ஏழைகள். ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்று முழங்கி, இலட்சக்கணக்கில் வாங்கி மலைப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். பின்னர், பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்களா என்று 2012-ல் ஆய்வு வெளியிட்டார்கள். முன்னேறவில்லை என்பதே விடை. கணினி வந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் வழி வரவில்லை.

2023 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், கல்வியிலே தொழில்நுட்பம் குறித்துப் பெரும் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கருவிகள் ஆசிரியருக்குத் துணையாகலாம், அவருடைய இடத்தைப் பிடிக்கக்கூடாது என்று எச்சரித்தது. கருவிகளிலே முன்னணியில் நின்ற சுவீடன் நாடோ, அதே ஆண்டில், சிறு பிள்ளைகளுக்கு அச்சடித்த பாடப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கி, மீண்டும் புத்தகத்தின் பக்கம் திரும்பிற்று.

‘அப்படியானால் யந்திரமே வேண்டாம் என்கிறாயா?’ என்று கேட்கத் துடிக்கும் நண்பர்களுக்குச் சொல்லுகிறேன்: இல்லவே இல்லை! ‘மலைக்காரனுக்குக் கணினி எதற்கு?’ என்று சொல்லும் வாய், ‘வேடனுக்கு வில்வித்தை எதற்கு?’ என்று சொன்ன வாயின் வாரிசு. நாம் அந்தப் பக்கம் நிற்பவர்கள் அல்லர். மலைப் பிள்ளைக்குக் கணினி வேண்டும், இணையம் வேண்டும், நாளைய விஞ்ஞானமெல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்க உயிருள்ள ஆசானும் வேண்டும் என்கிறோம். இதிலே எது பேராசை?

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. எந்தப் பட்டறையிலாவது போய்க் கேளுங்கள்: ‘நல்ல உளி நூறு வாங்கி வைத்தால் சிற்பம் வந்துவிடுமா?’ என்று. சிற்பி சிரிப்பார். பட்டறைக்காரருக்குத் தெரிந்த இந்த உண்மை, டெண்டர் விடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

நம் பக்கமும் பார்ப்போம்

தமிழகம் இதிலே சும்மா இருந்ததில்லை. 1920-ல் நீதிக்கட்சியினரின் ஆளுகையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு தந்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வந்தது சோறுதான் என்பதை உலகத்துக்கே காட்டிய மாநிலம் இது. 1999-ல் சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூட்டி, தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தந்து, கணினிக்குத் தமிழ் கற்பித்த மாநிலமும் இதுதான்.

2018-ல் புதிய பாடநூல்களிலே, செல்போனைக் காட்டினால் படம் ஓடும் கட்டங்களை அச்சிட்டார்கள். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. 2024 ஜூனில், 22,931 திறன் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி தரும் திட்டமும் தொடங்கப்பட்டன. இந்திய நாட்டுப் பள்ளிகளில் இணைய வசதி உள்ளவை 2023-24-ல் நூற்றுக்கு 54 என்றுதான் மத்திய சர்க்காரின் கணக்கே கூறிற்று. அந்த நாட்டிலே, சர்க்கார் தொடக்கப் பள்ளிக்கும் திரை கொடுக்க முனைந்தது சிறிய காரியமல்ல. அதற்குத் துணை நிற்க வேண்டிய டில்லியோ, ‘பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடு’ என்று சொல்லி, தமிழகப் பிள்ளைகளுக்கு 2024-25-ல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது! அந்தப் பணத்திலே மலைப் பிள்ளையின் பங்கும் இருந்தது.

ஆனால் தோழர்களே, எதிரியின் குற்றத்தைச் சொல்லும் வாய், நம் குறையையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை கேட்டால் பெருமையோடு சொல்கிறோம். ‘இத்தனை திரை, இத்தனை பெட்டி!’ சரி. அந்தத் திரைகளிலே இன்று காலை எத்தனை எரிந்தன? பழுதானவை எத்தனை? பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வந்தார்? இவற்றையும் அதே பெருமையோடு சொல்லும் நாள் வர வேண்டாமா?

திட்டமெல்லாம் சமவெளியை மனத்திலே வைத்துத் தீட்டப்படுகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு விலையில்லா மிதிவண்டி, சமவெளியிலே எத்தனையோ பெண்களைப் படிக்க வைத்த நல்ல திட்டம். மலைச் சரிவிலே? வண்டி பிள்ளையைச் சுமக்காது. பிள்ளைதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும்! இணையத்தை நம்பி நிற்கும் பாடமும் மலையிலே அந்த மிதிவண்டியைப் போலத்தான்.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சிலே மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. பத்தொன்பது மாதம்! நகரத்துப் பிள்ளைக்குச் செல்போனிலே வகுப்பு. மலைப் பிள்ளைக்கு? போன் இருந்தால் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தால் காசு இல்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப நாம் கண்ட வழி என்ன? யந்திரமா? இல்லை! 2021 அக்டோபரில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. பக்கத்து வீட்டு அக்காள் மாலையிலே பாய் விரித்து உட்கார்ந்து, எழுத்தைக் கூட்டிப் படிக்க வைத்தாள்! டவர் எட்டாத இடத்தை அவளுடைய குரல் எட்டிற்று. நம் கையாலேயே கண்ட உண்மையை நாமே மறக்கலாமா?

கணக்கெழுதும் ஆசிரியர்

இன்னொரு வேடிக்கை! ஆசிரியரின் சுமையைக் குறைக்க வந்த கருவி, அவர் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் இணையதளத்திலே வருகையைப் பதிய வேண்டும், தேர்வைப் பதிய வேண்டும், கொடுத்த பொருளைப் பதிய வேண்டும் என்று வேலை பெருகிப் பெருகி, ‘எங்களைப் பாடம் நடத்த விடுங்கள்’ என்று ஆசிரியர் சங்கங்கள் போராட வேண்டி வந்தது. பாறை மேல் ஏறிச் சிக்னல் தேடிப் பதிவு போடும் மலை ஆசிரியருக்கு, அது இரட்டைச் சுமை.

ஆனால் அதே ‘எமிஸ்’ நினைத்தால் எவ்வளவு பெரிய நன்மை செய்யலாம்! பிள்ளைக்கு ஓர் எண் இருக்கிறது. குடும்பம் வேலை தேடி வெளியூர் போனால், அந்த எண் எந்தப் பள்ளியிலும் தோன்றவில்லை என்பதை யந்திரம் ஒரு நொடியிலே சொல்லிவிடும். சொன்ன பிறகு? தேடிப் போக ஆள் வேண்டும்! ‘கண்ணு, ஏன் வரலே?’ என்று குடிசை வாசலில் நின்று கேட்க மனிதன் வேண்டும். யந்திரம் விரலை நீட்டிக் காட்டும். கையைப் பிடித்து அழைத்து வருவது நாம்தான்.

கடை விரித்தவர்கள்

பட்டணத்திலே நடப்பதையும் பாருங்கள். பிள்ளையின் எதிர்காலம் எங்கள் செயலியிலே என்று கடை விரித்த ‘பைஜூஸ்’ நிறுவனத்தின் மதிப்பு, 2022-ல் 2,200 கோடி டாலர் என்றார்கள்! நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கிச் சந்தா கட்டின. 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கையிலே வந்து நின்றது. பாடத்தைச் சரக்காக்கினால் கடை இலாபத்தைப் பார்க்கும். இலாபம் போனால் கடையைக் கட்டும். கடையைக் கட்டுகிறவனிடம் பிள்ளையை ஒப்படைக்கலாமா?

இப்போது புதிய முழக்கம், ‘செயற்கை நுண்ணறிவு’! 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே அதைப் பாடமாக்குவதாக டில்லி 2025-ல் அறிவித்தது. தமிழகமும் ‘ஸ்பார்க்’ என்ற பெயரிலே ஆறாம் வகுப்பிலிருந்து தன் வழியில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. நல்லது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரம் வந்துவிட்டது. ஆனால் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பதில் சொல்லும். ‘கடுக்கா மரம் இப்படி இருக்காது’ என்று எழுந்து நிற்கும் துணிவை எந்த யந்திரம் கொடுக்கும்? ‘வா, காட்டு’ என்ற ஆசிரியர் கொடுத்தார்.

ஊரகப் பிள்ளைகளைப் பற்றிய 2024-ஆம் ஆண்டு ‘அசர்’ ஆய்வு சொல்லுகிறது: 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும், அந்த வாரத்திலே படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர் 57 பேர், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர் 76 பேர். விரல் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது. விரலுக்கு வழி காட்டும் ஆள்தான் குறைவு.

நாம் கேட்பது

ஆகவே, கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று: மலைக்கு முதலில் ஆசிரியர். காலியிடம் இல்லாமல் நிரப்புங்கள். தங்க வீடு கொடுங்கள்; மலைப் படியைக் கூட்டிக் கொடுங்கள். மலையிலே பிறந்து படித்த இளைஞர்களுக்கு ஆசிரியப் பயிற்சி தந்து, அங்கேயே பணியில் அமர்த்துங்கள். மலை ஊழியம் தண்டனை மாறுதல் என்ற எண்ணம் ஒழிய வேண்டும்.

இரண்டு: இணையம் இல்லாமலே ஓடும் பாடம். பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு பெட்டியில் பாடங்களையெல்லாம் நிரப்பி வைத்து, இணையத்தை எதிர்பாராமல் கைக்கணினிகளுக்கு அனுப்பும் வழி உலகத்திலே இருக்கிறது. ‘கோலிப்ரி’ என்ற மென்பொருள் அதற்கென்றே செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியரின் பென் டிரைவ் செய்யும் வேலையைச் சர்க்கார் செய்யட்டும். சூரிய மின்சாரமும் மின்கலமும் ஒவ்வொரு மலைப் பள்ளிக்கும் வேண்டும். கோபுரம் எட்டாத ஊர்களுக்கு 4ஜி தருவதற்கென்று 2022-ல் டில்லி 26,316 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்ததே, அதிலே கல்வராயன் மலையின் எந்தெந்த ஊருக்கு வெளிச்சம் வந்தது என்ற பட்டியலைப் பஞ்சாயத்துப் பலகையிலே ஒட்டட்டும்.

மூன்று: வாங்கும் பணத்தோடு, பேணும் பணம். பழுதான திரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை வேண்டாம். கேரளத்திலே 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் இயங்குகின்றன. கணினிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பள்ளிக் கருவிகளைப் பேணவும் துணை நிற்கிறார்கள். நம் மலைப் பிள்ளைகளுக்கும் அந்தத் திருப்புளியைக் கொடுங்கள்! பெட்டியைப் பார்த்து வாய் பிளந்தவன் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அன்றுதான் அது அவனுடைய பெட்டி.

நான்கு: மலையின் குரல் பாடத்திலே ஒலிக்கட்டும். சாமையும் தினையும், மரவள்ளியும் கடுக்காயும், மலை மக்களின் கதையும் பாட்டும் அந்தப் பிள்ளைகளின் கையாலேயே படமாகட்டும். வெள்ளிமலைப் பிள்ளை எடுத்த படத்தைச் சென்னைப் பிள்ளை பார்த்துக் கற்கட்டும். பாடம் எப்போதும் மேலிருந்து கீழே மட்டும் வர வேண்டுமென்று யார் விதித்தது?

ஐந்து: அளவுகோலை மாற்றுங்கள். எத்தனை பெட்டி கொடுத்தோம் என்ற கணக்கு போதாது. மலையின் கடைசி ஊரிலே, மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையிலே இருக்கும் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் சர்க்கார் தானாகச் செய்யும் என்று கைகட்டி நிற்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதிலே பெரும்பான்மை. அந்தக் கூட்டத்திலே எழுந்து, ‘திரை எரிகிறதா? வாத்தியார் எங்கே?’ என்று கேட்க மலையின் தாய்மாருக்குத் துணை நில்லுங்கள். கள்ளக்குறிச்சித் தோழர்கள் மாதத்தில் ஒரு நாள் மலை ஏறட்டும். ஓட்டுக் கேட்க ஏறிய பாதைதானே!

அந்தப் பழைய கதைக்கு வருவோம். வேடன் மகனுக்கு அறிவு குறைவு என்று கதையே சொல்லவில்லை. மண்பொம்மையை வைத்துக்கொண்டே அவ்வளவு கற்றவன், உயிருள்ள ஆசான் கிடைத்திருந்தால் எவ்வளவு கற்றிருப்பான்! கல்வராயன் மலையிலே எழுந்து நின்று ‘இப்படி இருக்காது’ என்று சொன்ன பொடியனைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவனுடைய கட்டைவிரல் முழுதாக இருக்கிறது. அதைத் தொடுதிரையிலே வைத்துக் காத்திருக்கிறான். பக்கத்திலே உட்கார்ந்து வழி சொல்ல ஓர் ஆசானை அனுப்புங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்!